போளூர்க் குழந்தைகளைச் செம்மறிக் குட்டிகளாக அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: மேல்மலைக்காரன் ஒருவன், போளூர், கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இந்தத் தாளை வாங்கி, முத்திரை குத்தி, அடுத்த மேசைக்குத் தள்ளப்போகும் அதிகாரி அவர்கள்.

பொருள்: போளூரிலும் சுற்றியுள்ள மேல்மலைக் கிராமங்களிலும் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பாரத் மெரினோ இனச் செம்மறிக் குட்டிகளாக அறிவித்து, மன்னவனூர் ஆட்டுப் பண்ணையின் பொறுப்பில் ஒப்படைக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

இந்த மனுவை நல்ல நினைவோடுதான் எழுதுகிறேன். டாஸ்மாக் சரக்கும் உள்ளே போகவில்லை. வாரக் கடைசியில் நகரத்துப் பையன்கள் மேல்மலைக்கு வந்து, புல்வெளியில் காசைத் தொலைத்தவன் மாதிரி குனிந்து குனிந்து தேடுகிறார்களே, அந்தப் போதைக் காளானும் உள்ளே போகவில்லை. யோசித்துப் பார்த்ததில் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவ்வளவுதான்.

போளூரிலிருந்து கொடைக்கானல் போகும் வழியில் மன்னவனூர். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் நடக்கிறது. தலைமையகம் ராஜஸ்தானில், அவிகாநகரில். பாரத் மெரினோ என்ற இனத்தை இங்கே பேணி வளர்க்கிறார்கள். முயலும் உண்டு, ஓர் இனத்துக்குச் சோவியத் சின்சில்லா என்று பெயர். சோவியத் நாடே போய்விட்டது, முயல் மட்டும் மன்னவனூரில் புஷ்டியாக இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் டிக்கெட் எடுத்து, குட்டியைத் தூக்கி வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

முறையான பண்ணையில் ஒரு குட்டி பிறந்தால் என்ன நடக்கும் என்பதைக் கால்நடைப் படிப்பு படித்த யாரும் சொல்வார்கள். பிறந்ததும் எடை. காதில் எண் பொறித்த வில்லை. மூன்று மாதத்தில் பால் மறக்கடிக்கும்போது எடை, ஆறு மாதத்தில் எடை, ஒரு வருஷத்தில் எடை. குட்டி போட்ட ஆட்டுக்குக் கூடுதல் தீவனம். குட்டிக்கோ, பெரிய ஆடுகள் நுழைய முடியாத சின்ன அடைப்புக்குள் தனித் தீவனம். வலுத்தது வந்து பிடுங்கிக்கொள்ளாது. குடற்புழு மருந்துக்குத் தேதி, தடுப்பூசிக்குத் தேதி. இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குட்டி இளைத்துப்போனால் விஞ்ஞானி தீவனத்தைச் சோதிப்பார், தண்ணீரைச் சோதிப்பார், கொட்டகையின் ஈரத்தைப் பார்ப்பார். தாய் ஆட்டைக் கூப்பிட்டு ஜமக்காளத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, "உனக்கு விழிப்புணர்வு போதாதம்மா" என்று வகுப்பு எடுக்க மாட்டார்.

இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் பிள்ளைகளை ஆடாக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

குழந்தைகளை அரசு எடை போடவில்லை என்று நான் சொல்லவில்லை. போடுகிறது. தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடிகள் இருக்கின்றன. மாதாமாதம் எடை எடுக்கிறார்கள். எடை விவரம் செல்போனுக்குள் போகிறது. 2021 முதல் அதற்கு 'போஷன் டிராக்கர்' என்றொரு செயலி. செயலிக்குள் போன எடை மாவட்டத்துக்குப் போய், சென்னைக்குப் போய், டெல்லிக்குப் போய், வண்ண வண்ணப் பட்டையாக மாறி ஒரு கூட்டத்தில் திரையில் தெரிகிறது. இத்தனை தூரம் போய்வந்த எடை, குழந்தையின் உடம்புக்கு மட்டும் வந்து சேருவதில்லை. ஏற்கெனவே எட்டுப் பத்துப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த அங்கன்வாடி டீச்சர், இப்போது சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்கிறார். 2025 ஜூலை முதல் இன்னொரு முன்னேற்றம்: வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவு வாங்க, தாயின் முகம் செயலியில் பதிந்திருக்கிற முகத்தோடு ஒத்துப்போக வேண்டும். சத்துமாவைக் கள்ளத்தனமாகத் தின்று கொழுத்துப்போன பெண்கள் மேல்மலையில் ஆயிரக்கணக்கில் திரிவதாக டெல்லிக்கு உளவுத் தகவல் போயிருக்கும் போல. பேறுகாலத்தில் ஊதியிருந்த முகம், கேரட் தோட்டத்தில் ஆறு மாதம் காய்ந்த பிறகு ஒத்துப்போகாவிட்டால் அதற்கும் அவள்தான் பொறுப்பு.

முகத்தை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறவர்கள், அந்த முகம் ஏன் வெளிறியிருக்கிறது என்று பார்த்திருக்கலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஐந்தாவது சுற்று (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு. முந்தைய சுற்றில் இது 50.7. வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 25 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 14.6 சதவீதம். நாட்டுச் சராசரியைவிட இது நல்ல நிலைமை என்று உடனே மேடையில் சொல்வீர்கள். சொல்லுங்கள், உண்மைதான். நாட்டில் மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் குன்றிப்போயிருக்கும்போது, நாலில் ஒன்று என்பது பெருமைதான். இந்தக் கணக்கெடுப்பு மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. போளூர் மாதிரிக் கடைக்கோடி ஊருக்கெல்லாம் இறங்காது. எங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது சமவெளியையும் மலையையும் கலந்தடித்த ஒரு சராசரி. ஆட்டுக்குட்டிக்குக் காதில் சொந்தமாக ஓர் எண்.

எண்ணுவது என்று வந்தால் மலையில் எல்லாவற்றையும் எண்ணுகிறீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிவரும் கார் ஒவ்வொன்றுக்கும் இ-பாஸ். எத்தனை வண்டியை இந்த மலை தாங்கும் என்று ஆராயப் பெரிய பெரிய கல்வி நிறுவனங்களைப் போட்டாயிற்று. எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி அதன் பிறப்பிடத்தையும் குணத்தையும் யாரும் பழிக்க முடியாது. பூண்டுக்கு உள்ள அந்த மரியாதை, பூண்டு உரிக்கிறவள் வயிற்றிலிருப்பதற்கு இன்னும் வரவில்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். மேலே இருந்து யார் ஆய்வுக்கு வந்தாலும் காரணத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே அது தயாராக இருக்கும்: தாய்மார்களின் அறியாமை. பிறகு உரையாடல் நடக்கும்.

"ஏம்மா, பிள்ளைக்குக் கீரை குடுக்கிறியா?"

"குடுக்கிறேன் சார்."

"பருப்பு?"

"குடுக்கிறேன் சார்."

"முட்டை?"

"குடுக்கிறேன் சார்."

"அப்புறம் ஏன் இப்படி இருக்கு?"

அவள் சிரிப்பாள். சார் எழுதிக்கொள்வார். அவள் உண்மை சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இல்லை என்று சொன்னால் இன்னும் அரை மணி நேரம் வகுப்பு நடக்கும், களைவெட்டுக்குப் போக வேண்டிய ஜீப் போய்விடும். ஐயா, அறியாமை இருக்கிறதுதான். அது யார் பக்கம் இருக்கிறது என்பதில்தான் எனக்கும் துறைக்கும் கருத்து வேறுபாடு.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கெட்டியான உணவும் தொடங்க வேண்டும். அதன் வயிறு நம் உள்ளங்கைக் குழி அளவு. ஒரே நேரத்தில் நிறைத்துவிட முடியாது. முதலில் நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நாலு முறை, நடுவில் ஏதாவது கொறிக்க. பக்கத்தில் உட்கார்ந்து, பராக்குக் காட்டி, துப்பினதைத் துடைத்து, மறுபடி ஊட்ட வேண்டும். இதெல்லாம் உங்கள் துண்டுப் பிரசுரத்திலேயே படத்தோடு இருக்கிறது. யார் ஊட்டுவது என்பது மட்டும் இல்லை. படத்திலிருக்கிற அம்மா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு, பகல் பதினோரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊரில் பகல் பதினோரு மணிக்கு வீட்டில் இருக்கிற பெண், ஒன்று பிரசவித்து ஒரு மாதம் ஆகாதவளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் தெரியாத கிழவியாக இருக்க வேண்டும். மற்றவர்கள் கேரட் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

விடியும் முன் அடுப்பு, தண்ணீர், சோறு. எட்டு மணிக்கெல்லாம் தோட்டம். திரும்ப வரும்போது மலையில் இருட்டிவிடும். கைக்குழந்தை, ஏழெட்டு வயது அக்காவிடமோ பாட்டியிடமோ இருக்கும். காலையில் வடித்துவைத்த சோற்றில் ரசத்தையோ வெறுந்தண்ணீரையோ ஊற்றிக் கரைத்து மத்தியானம் கொடுப்பார்கள். தண்ணியாக இருந்தால்தான் சீக்கிரம் உள்ளே போகும். அக்காவும் விளையாடப் போகலாம். அழுதால் வரக்காப்பி. வரக்காப்பியும் தேயிலையும் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் ஒட்டவிடாது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். குளிரில் அழுகிற பிள்ளைக்குச் சூடாக என்ன கொடுப்பது என்பது அந்த அக்காவுக்குத் தெரியும்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். காலை ஒன்பதுக்கு மேல் திறந்து சாயங்காலம் நாலு மணிக்குள் மூடிவிடுவார்கள், அது இருக்கட்டும். இரண்டு வயதுக்கு மேல் போனால்தான் அங்கே உட்கார இடம், சூடான சாப்பாடு, வாரம் மூன்று முட்டை. அதற்குக் கீழே உள்ளதற்கு வீட்டுக்கு மாவுப் பொட்டலம். பிள்ளை உருகுவது ஆறாம் மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில்தான் என்று உலகத்து மருத்துவப் புத்தகமெல்லாம் கத்துகிறது. அந்த வயதில் குன்றின உயரத்தைப் பிறகு மீட்பது கடினம், மூளை வளர்ச்சிக்கும் அதுதான் காலம் என்கிறது. அரசோ இரண்டாவது வயதின் வாசலில் சூடான சாப்பாட்டை வைத்துக்கொண்டு, "வா கண்ணு, வந்து சேர்" என்று காத்திருக்கிறது. வந்து சேருகிறபோது பாதிப் பிள்ளைதான் மிச்சம்.

1980-இல் உலக வங்கிக் கடனில் ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று வந்தது. தமிழ்நாட்டிலேயே முதலில் மதுரை மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். அன்றைக்குக் கொடைக்கானலும் மதுரை மாவட்டம். சின்னப் பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, இறங்கினவர்களுக்கு லட்டு. தொண்ணூறு நாளில் எடை ஏறிவிட்டால் லட்டு நின்றுவிடும். அதனால் படுமோசமான பட்டினி நோய் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பண்ணையிலாவது, குட்டி தேறிவிட்டது, தீவனத்தை நிறுத்து என்று உத்தரவு போடுவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

உணவு விளையாத பாலைவனத்தில் நாங்கள் இருந்திருந்தால் மனுவை இந்திரனுக்கு எழுதியிருப்பேன். கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி, முட்டைக்கோஸ், பூண்டு எல்லாம் எங்கள் படிக்கட்டு நிலத்தில் விளைகிறது. சாயங்காலம் லாரி ஏறி, இரவோடு இரவாக ஒட்டன்சத்திரம் இறங்கி, விடியும்போது கேரளத்துச் சாம்பாரில் கொதிக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நர்ஸம்மா வந்து வைட்டமின் ஏ திரவத்தைக் கரண்டியில் அளந்து ஊற்றுகிறார். கேரட்டை மூட்டை மூட்டையாக மேலிருந்து இறக்கிவிட்டு, கேரட்டின் சத்தைக் கரண்டிக் கணக்கில் கீழிருந்து ஏற்றும் இந்த ஏற்பாட்டை எந்தப் பொருளாதார மேதை வகுத்தாரோ, அவருக்குச் சிலை வைக்க இடம் நாங்கள் தருகிறோம்.

விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். விதைக் கடன், உரக் கடன், மருந்துக் கடன் எல்லாம் கேரட்டின் கழுத்தில்தான். கடன்காரன் கீரையை வாங்கிக்கொள்ள மாட்டான். நிலமில்லாதவன் வீட்டுக்கு, மூட்டையில் சேராத கோணலும் வெடிப்பும் வரும், அதுவும் தோட்டக்காரர் மனசு வைத்தால். இந்தப் பழனிமலையில் பளியர் குடிகள் ஒரு காலத்தில் வள்ளிக்கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, வேட்டையாடிப் பிழைத்தார்கள். காட்டைச் சரணாலயமாக்கிக் காட்டெருமைக்குப் பாதுகாப்புக் கொடுத்தீர்கள், நல்லது. கிழங்கு தோண்டினவன் கூலிக்காரனாகி, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறான். காட்டெருமை மேய்வதற்கு யாரிடமும் முகம் காட்ட வேண்டியதில்லை.

ரேஷனைப் பழித்தால் நாக்கு அழுகிவிடும். 2011-லிருந்து விலையில்லா அரிசி வராத மாதம் இல்லை. அது இல்லாவிட்டால் இந்த மனுவை எழுதவும் தெம்பு இருந்திருக்காது. அரிசி இருக்கிறது. ஆனால் அரிசிதான் இருக்கிறது. கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் பாமாயில். ஆறு பேர் வீட்டில் ஒரு கிலோ பருப்பு மாதத்தில் எத்தனை நாள் வரும், அதில் பல் முளைக்காத பிள்ளையின் பங்கு எத்தனை பருக்கை என்று கணக்குப் பரீட்சையில் கேட்கலாம்.

தவறாமல் வருவது ஒன்று உண்டு. மலையில் மண் சரியட்டும், மரம் விழட்டும், பஸ் நிற்கட்டும், ஐந்து ரூபாய்ப் பொட்டலம் வந்துவிடும். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும்: உப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், காற்று. டெண்டர் பிரச்சினை, இருப்பு இல்லை, மேலிடத்திலிருந்து வரவில்லை என்ற சொற்களே அந்தக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாது. சத்துணவுக்கு முட்டையும் பருப்பும் சத்துமாவும் கொடுத்துவந்த திருச்செங்கோட்டு நிறுவனத்தில் 2018 ஜூலையில் வருமான வரித் துறை நாள் கணக்கில் சோதனை போட்டது ஊரறிந்த சேதி. பிள்ளையின் வாயைத் தேடி வருகிறவர்களில் பொட்டலக்காரன்தான் நேர்மையானவன் என்று எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை அண்ணாச்சி சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எழுதி அனுப்பவும்.

தின்றதும் உடம்பில் நிற்க வேண்டுமே. தோட்டத்து மருந்தும் மனிதக் கழிவும் மாட்டுச் சாணமும் மழையில் இறங்கிச் சேருகிற ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தால் வயிற்றுப்போக்கு. காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குப் போனால் வனத்துறை. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வயிற்றால் போகிற பிள்ளைக்கு, தேறின எடை அந்த ஒரு வாரத்தில் இறங்கிவிடும். அடிக்கடி கிருமியோடு மல்லுக்கட்டிய குடல், கொடுப்பதையும் உறிஞ்சாது. கண் செருகிவிட்டால் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்த வளைவுகளில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் துரைமார்கள் தப்பி ஓட, பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் போகும் பாதையை வெள்ளைக்காரன் சீராக்கி வைத்தான். ஜப்பான்காரன் வரவில்லை. வயிற்றுப்போக்கு வருஷா வருஷம் வருகிறது, அதற்குத் தப்பியோடும் பாதை இன்னும் யாரும் போடவில்லை.

தாய்க்கு ஒன்றுமே செய்யவில்லையா என்பீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி இருக்கிறது. தவணை தவணையாக, அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. நல்ல திட்டம். கூடவே இன்னொரு நல்ல அரசாணையையும் படித்தேன்: அரசு ஊழியராக இருந்தால் 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு விடுப்பு. பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் ஒரு வருஷம் இருக்க வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அரசுக்குத் தெரிந்திருக்கிறது. கேரட் பிடுங்குகிறவளின் பிள்ளை வேறு ஜாதிப் பிராணி என்பதுதான் துறையின் முடிவு. நானும் அதைத்தான் சொல்கிறேன். என்ன பிராணி என்று அறிவித்துவிடுங்கள்.

அப்பன்மார்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சாயங்காலக் கூலியில் பாதி எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரியும், கஜானாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 2023-24இல் டாஸ்மாக் வழியாக வந்த வருமானம் 45,855 கோடி. அடுத்த நிதிநிலை அறிக்கையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்கு 600 கோடி. ஐந்து நாள் சரக்கு வருமானத்தில் ஒரு வருஷக் காலைச் சாப்பாடு. அப்பன் குடித்தால்தான் பிள்ளை சாப்பிடும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அப்பனைத் திருத்தவும் ஒரு விழிப்புணர்வு முகாம் போடுகிறீர்களே, அதற்குக் கண்டிப்பாக ஒரு புவிசார் குறியீடு தரலாம்.

இப்படி எழுதினால் "இது என்ன ஆப்பிரிக்காவா?" என்று யாராவது கோபப்படுவார்கள். கோபப்படுவதில் நமக்கு முன் அனுபவம் இருக்கிறது. 2013-இல் கேரளத்து அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். 2016 மே மாதத் தேர்தல் கூட்டத்தில் பிரதமர் மோடி, கேரளப் பழங்குடியினரின் சிசு மரணத்தைச் சோமாலியாவோடு ஒப்பிட்டார். கேரளம் பொங்கி எழுந்தது, இணையம் தீப்பற்றியது. செத்த பிள்ளைகளுக்காகப் பற்றாத தீ, ஒப்பிட்டதற்காகப் பற்றியது. அந்தப் பிரதமரே குஜராத் முதல்வராக இருந்த 2012-இல், தம் மாநிலத்தின் ஊட்டச்சத்துக் குறைவுக்குக் காரணம் சைவச் சாப்பாடும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளின் அழகுக் கவலையும் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தார். எங்கள் ஊர் ஒன்பது மாதக் குழந்தைகளும் இடுப்பு அளவைப் பற்றிய கவலையில்தான் ரசச்சோறு தின்கின்றனவோ என்னவோ.

அடுத்த வருஷம், 2013-இல், பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா ஒரு கட்டுரை எழுதினார்: ஆப்பிரிக்காவைவிட இந்தியக் குழந்தைகள் மோசமாகக் குன்றியிருப்பதாகக் காட்டுவது அளவுகோலின் கோளாறு, நம் பிறவி வாகே கொஞ்சம் குட்டை என்ற போக்கில். இரண்டு வருஷத்தில் நிதி ஆயோக்கின் முதல் துணைத் தலைவரானார். அவர் குறை சொன்ன அளவுகோல், உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. பிரேசில், நார்வே, ஓமன், அமெரிக்காவோடு ஆப்பிரிக்காவின் கானாவிலும் நம் தெற்கு டெல்லியிலும் வசதியான வீட்டுக் குழந்தைகளை அளந்துதான் அதைச் செய்தார்கள். நல்ல சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் இருந்தால் அக்ராவின் பிள்ளையும் ஆஸ்லோவின் பிள்ளையும் தெற்கு டெல்லிப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தன. போளூர்ப் பிள்ளை தெற்கு டெல்லியில் பிறக்கவில்லை, அதுதான் மரபணுக் கோளாறு.

2023-இல் உலகப் பசிக் குறியீட்டில் 125 நாடுகளில் இந்தியா 111-வது என்று வந்தபோது, அன்றைய மகளிர் குழந்தைகள் நல அமைச்சர் ஸ்மிருதி இரானி கேலி செய்தார். விடியுமுன் எழுந்து ஊர்விட்டு ஊர் வந்திருக்கும் தன்னை யாராவது போனில் கூப்பிட்டுப் பசிக்கிறதா என்று கேட்டால், தானும் ஆமாம் என்றுதான் சொல்வேன் என்றார். அந்தக் குறியீட்டின் நாலு அளவைகளில் மூன்று குழந்தைகளைப் பற்றியவை: குன்றல், மெலிவு, ஐந்து வயதுக்குள் சாவு. செத்துப்போன பிள்ளை போனை எடுக்காது. நாங்களும் ஜப்பானையோ நார்வேயையோ கேட்கவில்லை. மலாவியிலோ நைஜரிலோ ஒரு தாய், சோளக் கஞ்சியைக் கரைத்துவைத்துவிட்டு அடுத்தவர் காட்டுக்குக் களை பிடுங்கப் போகிறாள். அவளிடமும் ஒரு ஜீப் வந்து இறங்கி விழிப்புணர்வு போதாது என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த வகையில் ஜீப்புகளுக்குள் உலக ஒற்றுமை இருக்கிறது.

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணின் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பில்லை. தேயிலைத் தோட்டங்களில் 'பிள்ளை மடுவம்' பழைய ஏற்பாடு. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. நூறுநாள் வேலையில்கூட, ஐந்து சிறு பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று விதி போட்டார்கள். 2022-இல் மத்திய அரசு 'பால்னா' என்று காப்பகத் திட்டமே போட்டது. நாளைக்கு ஏழரை மணி நேரம். தனியார் கேரட் தோட்டத்துக்கு இதில் எதுவும் ஏறிவரவில்லை. மடுவம் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். இலங்கை மலையகத்தில் மடுவம் இருந்தும், 2016 கணக்கெடுப்பில் தோட்டப் பகுதிக் குழந்தைகளில் 31.7 சதவீதம் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். நாட்டுச் சராசரி 17.3. கூலி அரை வயிற்றுக்கென்றால், பிள்ளை எங்கே படுத்தாலும் அரை வயிறுதான்.

ஆகவே ஐயா / அம்மா, கீழ்க்கண்டவாறு ஆணையிடக் கோருகிறேன். ஆறு மாதம் முதல் எங்கள் பிள்ளைகளைச் செம்மறிக் குட்டிகளாகக் கருதி, தோட்டத்து ஜீப் புறப்படும் முன் திறந்து, திரும்பி வந்த பிறகு மூடுகிற ஒரு கொட்டகை தரவும். அதில் பெரியவர்கள் புகுந்து பிடுங்க முடியாத தீவனமாக முட்டையும் பருப்பும் எண்ணெயும் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட, சம்பளத்தோடு ஓர் ஆளையும் போடவும். காய்ச்சிய தண்ணீர் வைக்கவும். பால் கொடுக்கும் தாய்க்கு, பால் கொடுக்கும் ஆட்டுக்கு உள்ள சலுகைகளை நீட்டிக்கவும். எடை இறங்கினால் தாயை விசாரிக்கும் முன் தீவனத்தை விசாரிக்கவும். செம்மறிக்கு இடமில்லை என்றால் முயலாக அறிவித்தாலும் ஆட்சேபணை இல்லை. சோவியத் குடியுரிமையையும் ஏற்றுக்கொள்கிறோம். பதிலுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் எங்கள் பிள்ளைகளின் முடியைக் கத்தரித்துக்கொள்ளலாம், செம்பட்டையாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். சத்தில்லாத முடி அப்படித்தான் இருக்கும்.

இப்படிக்கு,
மேல்மலைக்காரன்.

நகல்:
மன்னவனூர் பண்ணையின் தாய் ஆடுகளுக்கு, தகவலுக்காக.
ஐந்து ரூபாய்ப் பொட்டலக் கம்பெனிகளுக்கு, இதுவரை ஒரு நாளும் தவறாமல் வந்ததற்கு நன்றியுடன்.

இணைப்பு: இல்லை. எடை அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடைக்கானல் போக வேண்டும் என்றதற்கு, அன்றையக் கூலி போய்விடும் என்று பிள்ளையின் அம்மா அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.